பிரசவ அறையில் தாயின் குரலுக்கும் இடம் வேண்டும்

குழந்தையை எங்கே பெற்றெடுப்பது, எவ்வாறு பெற்றெடுப்பது என்ற கேள்விக்கு எமது நாட்டில் என்றோ விடை காணப்பட்டுவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். இலங்கையில் இன்று 99 சதவீதத்திற்கும் மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குச் சுமார் 30 என்ற அளவிலுள்ள தாய் மரண வீதம், தெற்காசியாவிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாகும். வருமானத்தில் எம்மை விடப் பன்மடங்கு உயர்ந்த நாடுகள் சிலவற்றோடு ஒப்பிடக்கூடிய சாதனை இது. ஆயினும், வைத்தியசாலையின் வாசலைக் கடந்ததும் தாய்க்கென்று தெரிவுகள் ஏதும் எஞ்சியிருக்கின்றனவா என்ற கேள்வி இன்னமும் உரத்து எழுப்பப்படவில்லை.

மலையகத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் எமக்கு அனுப்பிய கடிதமே இதனை எழுதத் தூண்டியது. அரச வைத்தியசாலை ஒன்றில் தலைப்பிள்ளையைப் பெற்றவர் அவர். தாயும் சேயும் நலம். அதற்காக அங்குள்ள வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் அவர் நன்றி கூறுகின்றார். ஆனால், மூன்று விடயங்கள் அவருடைய மனதை உறுத்திக் கொண்டிருக்கின்றன. சேலைனில் ஒரு மருந்து ஏற்றப்பட்டதும் வலி திடீரெனக் கூடியது. அது என்ன மருந்து, எதற்காக என்று எவரும் கூறவில்லை. அவருடைய தாயார் இரவு முழுவதும் வெளியே வாங்கில் அமர்ந்திருந்தார். உள்ளே வர அனுமதி கிடைக்கவில்லை. கையொப்பமிடுமாறு தரப்பட்ட படிவம் சிங்களத்தில் இருந்தது. "எவர் மீதும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதற்காகவே எழுதுகின்றேன்" என்று அக்கடிதம் முடிகின்றது.

இது ஒரு தனிப்பட்ட பெண்ணின் மனக்குறை மாத்திரமன்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், கல்முனையிலும் புத்தளத்திலும், கொழும்பின் நெரிசல் மிகுந்த விடுதிகளிலும் பிள்ளை பெற்ற பெண்களிடம் கேட்டால், இதனையொத்த அனுபவங்கள் இல்லாதவர்கள் குறைவாகவே இருப்பர். உயிர் தப்பியதே பெரிது என்ற எண்ணத்தால் அவர்கள் வாய் திறப்பதில்லை. உயிரைக் காத்த அமைப்பு, அந்த உயிருக்குரிய மதிப்பையும் காக்க வேண்டும் என்று கேட்பது நன்றி மறந்த செயலாகாது என்பதே எமது நிலைப்பாடாகும்.

நாம் கடந்து வந்த பாதையை முதலில் நினைவுகூர்வது பொருத்தமானது. கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்கென அமெரிக்க மிஷனரிப் பெண்களின் முயற்சியால் மக்லியொட் வைத்தியசாலை 1898இல் உருவானது. களுத்துறையில் 1926ஆம் ஆண்டு முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டதுடன், பயிற்றப்பட்ட மருத்துவமாது வீடு தேடி வரும் முறை நாடெங்கும் பரவத் தொடங்கியது. இருப்பினும் 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000 தாய்மார் வரையிலும், மலேரியாக் கொள்ளைநோய் பரவிய காலத்தில் அதற்கு மேலாகவும் மடிந்து கொண்டிருந்தனர். மலேரியாக் கட்டுப்பாடு, புதிய மருந்துகள், இரத்தம் ஏற்றும் வசதி, இலவச சுகாதார சேவை, பெண் கல்வி ஆகிய அனைத்தும் சேர்ந்தே இந்நிலையை மாற்றின. இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக நின்றவர்கள், சைக்கிளிலும் கால்நடையாகவும் ஊரூராகச் சென்ற மருத்துவமாதர்கள். இன்று குடும்பநல உத்தியோகத்தர் என அழைக்கப்படும் அவர்களுக்கு இந்நாடு பட்ட கடன் பெரிது.

இந்தப் பாதை எல்லோருக்கும் ஒரே சீராக அமையவில்லை என்பதையும் மறந்துவிட முடியாது. தோட்டப்புறப் பெண்கள் நீண்ட காலம் தேசிய சுகாதார சேவையின் விளிம்பிலேயே வைக்கப்பட்டிருந்தனர். லயன் காம்பிராவின் இருளிலே பிள்ளை பெற்றவர்களின் தலைமுறை இன்னமும் எம்மிடையே வாழ்கின்றது. வடக்கு, கிழக்கில் யுத்த காலத்தில் ஊரடங்குச் சட்டமும் சோதனைச் சாவடிகளுமே பிரசவம் எங்கே நிகழும் என்பதைத் தீர்மானித்தன. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானதைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் உலகிற்கு அறிவித்தது. பதுங்குகுழிகளில் குழந்தை பெற்ற தாய்மார் அன்று வன்னியில் இருந்தனர். தெரிவு என்ற சொல்லே அப்பெண்களுக்கு அந்நியமானது. எனவேதான் இன்று கைக்கெட்டும் தூரத்தில் உள்ள வைத்தியசாலையை எளிதாக எண்ணிவிடக் கூடாது என்கின்றோம்.

வீட்டிலேயே, மருந்தின்றி, 'இயற்கையாக'ப் பிள்ளை பெறுவதே மேலானது என்ற பிரசாரம் அண்மைக்காலமாகத் தமிழ் மொழியிலான காணொளிகள் மூலம் எமது வீடுகளுக்குள்ளும் நுழைந்துள்ளது. அவற்றுட் பெரும்பாலானவை தமிழகத்திலிருந்து வருபவை. அதே தமிழகத்தில், திருப்பூரில், 2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவிக்க முற்பட்ட இளம் ஆசிரியை ஒருவர் இரத்தப்போக்கினால் உயிரிழந்தார். குழந்தை பிறந்த பின்னர் ஏற்படும் கடும் இரத்தப்போக்கு, சில மணி நேரத்திற்குள்ளேயே ஆரோக்கியமான ஒரு பெண்ணின் உயிரைப் பறிக்க வல்லது. எந்தத் தாய்க்கு அது ஏற்படும் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசியும், ஏற்றுவதற்கு இரத்தமும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த கைகளும் அருகில் இருக்கின்றனவா என்பதே அவ்வேளையில் வாழ்வையும் சாவையும் பிரிக்கின்றது.

இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவம் அனுமதிக்கப்பட்டுள்ளதே என்று லண்டனில் வாழும் உறவினரை மேற்கோள் காட்டிச் சிலர் கேட்கின்றனர். உண்மைதான். ஆனால், அதன் முழு விபரத்தையும் அறிந்து கொள்ள வேண்டும். சிக்கல் அற்றவை எனக் கணிக்கப்பட்ட சுமார் 64 ஆயிரம் பிரசவங்களை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு அங்கே ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. முன்னரே பிள்ளை பெற்ற பெண்கள் வீட்டில் பிரசவிக்கத் திட்டமிட்டபோது குழந்தைக்கு ஏற்படும் ஆபத்து கூடவில்லை. தலைப்பிள்ளையைப் பெறுவோரிலோ, குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்ந்த சந்தர்ப்பங்கள் வைத்தியசாலையில் ஆயிரத்துக்கு 5.3 ஆக இருக்க, வீட்டில் 9.3 ஆக இருந்தன. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதமானவை இடைநடுவில் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டன. அத்தகைய மாற்றம் அங்கே சாத்தியமாவதற்குக் காரணம், வீட்டில் நிற்கும் பயிற்றப்பட்ட மருத்துவமாதும், அழைத்தவுடன் வரும் அம்புலன்ஸ் வண்டியும், தயார் நிலையிலுள்ள வைத்தியசாலையுமாகும். ஒரு காலத்தில் மூன்றில் ஒரு பங்குப் பிரசவங்கள் வீடுகளிலேயே நிகழ்ந்த நெதர்லாந்திலும் இதுவே நிலை.

எமது குடும்பநல உத்தியோகத்தர்கள் இன்று வீட்டுப் பிரசவங்களைப் பார்க்கும் ஏற்பாட்டில் இல்லை. நெடுந்தீவுத் தாய் கடலைக் கடந்தே யாழ்ப்பாணம் வர வேண்டும். தோட்டப் பாதைகள் பலவற்றில் மழைக்காலத்தில் முச்சக்கர வண்டியும் ஏறாது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்கிற்கும் விரிவுபடுத்தப்பட்ட 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பெரும் வரப்பிரசாதமே ஆயினும், அதனால் மலைகளையும் கடலையும் மறைத்துவிட முடியாது. இந்த நிலையில் வீட்டுப் பிரசவத்தை எம்மால் எவருக்கும் பரிந்துரைக்க முடியாது. இதனை ஐயத்திற்கு இடமின்றிக் கூறிவிடுகின்றோம்.

எனினும், படித்த பெண்கள் சிலர் ஏன் அக்காணொளிகளின்பால் ஈர்க்கப்படுகின்றனர் என்பதைச் சுகாதாரத் துறையினர் எண்ணிப் பார்க்க வேண்டும். திரையில் தோன்றும் பெண்ணைச் சுற்றி அவளுக்குப் பிரியமானவர்கள் இருக்கின்றனர். அவள் விரும்பியவாறு நடக்கின்றாள், அமர்கின்றாள். எவரும் அவளை அதட்டுவதில்லை. எமது விடுதிகளில் கிடைக்காத இவற்றையே அவர்கள் நாடுகின்றனர். இவற்றுள் ஒன்றுக்கேனும் வைத்தியசாலையை விட்டு வெளியேற வேண்டிய அவசியமில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட பிரசவ காலப் பராமரிப்பு வழிகாட்டல்கள் இதனையே வலியுறுத்துகின்றன. தாயை மதிப்புடன் நடத்துதல், அவளுக்குப் புரியும் வகையில் விளக்குதல், அவள் விரும்பும் ஒருவரைத் துணையாக அனுமதித்தல், நடமாடவும் விரும்பிய நிலையில் இருக்கவும் விடுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் விரிய வேண்டும் என்ற பழைய கணக்கை எல்லாத் தாய்மாருக்கும் பிரயோகித்து, அதற்காகவே மருந்தேற்றிப் பிரசவத்தை விரைவுபடுத்தக் கூடாது என்றும், எல்லோருக்கும் வழமையாகப் பிறப்புவாயில் வெட்டுப் போடும் முறை தேவையற்றது என்றும் அவை கூறுகின்றன. எமக்குக் கடிதம் எழுதிய பெண்ணுக்கு ஏற்றப்பட்ட மருந்து அவசியமானதாகவே இருந்திருக்கலாம். அந்த அவசியத்தை இரண்டு வசனங்களில் சொல்லியிருந்தால், அவர் இத்தனை காலம் அதனை மனதிற் சுமந்திருக்க மாட்டார்.

அடுத்தது, வலியும் அதற்கான மருந்தும். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற வைத்தியர் பிரசவ வலிக்கு முதலில் ஈதரையும் பின்னர் குளோரோபோமையும் பயன்படுத்தியது 1847ஆம் ஆண்டிலாகும். வேதனையோடு பிள்ளை பெற வேண்டும் என்பது இறைவன் விதித்தது என விவிலியத்தைக் காட்டி அன்று சிலர் அதனை எதிர்த்தனர். 1853இல் விக்டோரியா மகாராணியாரே தமது எட்டாவது பிரசவத்தில் குளோரோபோமை ஏற்றுக்கொண்டதும் அவ்வெதிர்ப்புத் தணிந்தது. அன்று தொடங்கிய விவாதம் இன்னும் முடியவில்லை. வலியைத் தாங்குவதே தாய்மைக்கு அழகு என்பார் ஒருபுறம். வலியை அனுபவிக்க வேண்டிய தேவையே இல்லை என்பார் மறுபுறம். இரு சாராரும் அந்தப் பெண்ணைக் கேளாமலே அவளுக்காகத் தீர்ப்பு வழங்குகின்றனர்.

மருந்து வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்கப் பெண்ணுக்குத் தேவையானது தகவலேயாகும். எமது அரச வைத்தியசாலைகளில் பெரும்பாலும் வழங்கப்படுவது பெத்திடின் ஊசி. அது வலியை ஓரளவுக்கே குறைக்கும். தூக்கக் கலக்கத்தையும் குமட்டலையும் ஏற்படுத்தும். பிரசவம் நெருங்கிய நேரத்தில் கொடுக்கப்பட்டால் பிறக்கும் குழந்தையின் சுவாசத்தையும் மந்தப்படுத்தக் கூடும். நைதரசன் ஒட்சைட்டையும் ஒட்சிசனையும் கலந்து முகமூடி மூலம் சுவாசிக்கும் முறை சில இடங்களில் உண்டு. அதன் பலன் மிதமானது. ஆனால், எப்போது எடுப்பது என்பது தாயின் கையிலேயே இருக்கும். முதுகெலும்பின் அருகே மெல்லிய குழாய் மூலம் மருந்து செலுத்தும் எபிடியூரல் முறையே வலியை மிகத் திறம்படப் போக்குவது. அதனால் சிசேரியன் கூடும் என்ற பரவலான அச்சத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. இரத்த அழுத்தம் குறைதல், கால்கள் மரத்தல், காய்ச்சல் போன்றவை ஏற்படக் கூடுமாதலால் தொடர்ச்சியான கண்காணிப்பு அவசியம். வெந்நீர்க் குளியல், முதுகை நீவிவிடுதல், மூச்சுப் பயிற்சி, நடமாடுதல் ஆகியவற்றால் பயன்பெறும் பெண்களும் பலர். இவற்றுள் எதைத் தெரிவு செய்தாலும் அதில் பெருமையோ சிறுமையோ இல்லை. மருந்தின்றிப் பெற்றவள் உயர்ந்த தாயுமல்லள். மருந்து கேட்டவள் கோழையுமல்லள்.

ஆனால், எபிடியூரலைத் தெரிவு செய்யும் வாய்ப்பு இந்நாட்டில் எத்தனை பேருக்கு உண்டு? மயக்கமருந்து வைத்திய நிபுணர் இரவும் பகலும் கடமையில் இருக்கும் சில பெரிய வைத்தியசாலைகளிலும், பணம் செலுத்தக்கூடியவர்களுக்குத் தனியார் வைத்தியசாலைகளிலுமே அது கிடைக்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் போது மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேரிட்டது. அதன் பின்னர் பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறினர். சத்திரசிகிச்சைக் கூடத்திற்கே ஆளில்லாத இடத்தில் பிரசவ வலிக்கு நிபுணரைக் கேட்பது பேராசை எனத் தோன்றலாம். அவ்வாறாயின், செலவு குறைந்த ஏனைய வழிகளையாவது தாராளமாக வழங்க வேண்டுமல்லவா?

அவற்றுள் தலையாயது துணை. பிரசவத்தின் போது ஒருவர் தொடர்ந்து அருகில் இருந்து ஆதரவளிப்பதன் பலனைப் பற்றி 17 நாடுகளில் 15 ஆயிரத்திற்கும் அதிகமான பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளின் தொகுப்பொன்று 2017இல் வெளிவந்தது. துணையுள்ள பெண்களுக்கு இயல்பான பிரசவம் அதிகமாகவும், சிசேரியனும் வலிநிவாரணி மருந்துகளும் குறைவாகவும், பிரசவ நேரம் சற்றுக் குறுகியும் இருந்தமை அதில் தெரியவந்தது. இறக்குமதி செய்ய வேண்டியிராத, டொலர் தேவைப்படாத மருந்து இது.

எமது மரபுகளுக்கும் இது புதிதன்று. காவிரியில் வெள்ளம் பெருகியதால் தாய் வந்து சேர முடியாது தவித்த இரத்தினாவதிக்கு, இறைவனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பதே திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் தலத்தின் வரலாறு. திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயமும், பேரீச்ச மரத்தடியில் தனிமையில் வேதனையுற்ற அன்னை மர்யம் அவர்களின் வலியை மறைக்கவில்லை. அவர்களைக் கடிந்து கொள்ளவுமில்லை. ஆறுதலும் நீரும் பேரீச்சம் பழமும் அவர்களுக்கு அருளப்பட்டதையே அது கூறுகின்றது. பிரசவிக்கும் பெண்ணைத் தனியே விடக்கூடாது என்பதை இரு மரபுகளும் அறிந்திருந்தன. எமது விடுதிகளின் இரும்புக் கதவுகளே அதனை அறியாதிருக்கின்றன.

பெண் துணையொருவரை அனுமதிக்கலாம் என்பதைச் சுகாதார அமைச்சு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டுள்ளது. நடைமுறையோ விடுதிக்கு விடுதி, கடமையில் இருப்பவருக்கு ஏற்ப, மாறுபடுகின்றது. இடநெருக்கடியும், ஏனைய தாய்மாரின் மறைப்பைப் பேண வேண்டிய தேவையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால், கட்டில்களுக்கிடையே ஒரு திரைச்சீலை தொங்கவிடுவதற்குப் பெரும் நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. மறைப்பு உறுதிப்படுத்தப்பட்டால், மனைவி விரும்பும் பட்சத்தில் கணவனும் அருகில் இருக்க வழி பிறக்கும். தனியார் வைத்தியசாலைகளில் கணவன்மார் அனுமதிக்கப்படுகின்றனர். பணம் உள்ளவரின் மனைவிக்கு மட்டுமே துணை என்பது இலவச சுகாதார சேவையின் தத்துவத்திற்கே முரணானதாகும்.

முஸ்லிம் பெண்களுக்கு இந்த மறைப்பு வசதிக்குரிய விடயம் மாத்திரமன்றி மார்க்க உணர்வோடு தொடர்புடையதுமாகும். தம்மைப் பெண் வைத்தியரோ பெண் உத்தியோகத்தரோ பரிசோதிக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புவது நியாயமானது. தமிழ், சிங்களப் பெண்களிலும் இவ்விருப்பம் உடையோர் பலர். இயன்றபோதெல்லாம் அதற்கு இடமளிப்பதும், இயலாதபோது பெண் தாதியொருவரை அருகில் நிறுத்துவதும் கடினமான காரியமன்று. அதேவேளை, உயிராபத்தான நிலையில் ஆண் வைத்தியரின் உதவியைப் பெறுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை என்பதைக் குடும்பத்தினர் முன்கூட்டியே தெளிந்திருப்பதும் அவசியம். அவசர வேளையில் வாசலில் நின்று விவாதிப்பதற்கு நேரமிருக்காது.

சிசேரியன் பற்றியும் மனந்திறந்து பேச வேண்டியுள்ளது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி மூன்றில் ஒன்று என்ற அளவில் இருந்த சிசேரியன் பிரசவங்கள், தற்போது பத்தில் நான்கு என்ற அளவை எட்டியுள்ளன. நாடொன்றில் சிசேரியன் வீதம் 10 சதவீதத்திற்கு மேல் உயர்வதனால் தாய், சேய் மரணங்கள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் சுட்டிக்காட்டியது. அவசியமான வேளையில் உயிர் காக்கும் இச்சத்திரசிகிச்சை, அவசியமற்ற வேளையில் அடுத்தடுத்த பிரசவங்களுக்குச் சிக்கலைத் தேடித் தருகின்றது. தாய்மாரின் வயது கூடியமையும் நீரிழிவு பெருகியமையும் இதற்குக் காரணங்கள் எனலாம். வழக்குக்கு அஞ்சும் வைத்தியரும், நல்ல நட்சத்திரத்தில் பிள்ளை பிறக்க வேண்டுமெனச் சோதிடரிடம் நாள் குறித்து வரும் பெற்றோரும்கூட இதில் பங்காளிகளே. உரிய வாரங்கள் நிறைவதற்கு முன்னர் குறிக்கப்பட்ட நாளில் வெளியே எடுக்கப்படும் குழந்தை சுவாசிக்கச் சிரமப்பட்டால், அந்த நட்சத்திரம் துணைக்கு வருமா?

வலியைப் பற்றிய அச்சமும் ஒரு முக்கிய காரணம் என நாம் கருதுகின்றோம். துணையுமின்றி, போதிய வலிநிவாரணியுமின்றி, அதட்டல்களுக்கிடையே முதற்பிள்ளையைப் பெற்ற பெண், அடுத்ததற்கு "வெட்டியே எடுத்துவிடுங்கள்" என்று கேட்பதில் வியப்பில்லை. அதனைச் சுதந்திரமான தெரிவு என்று எவ்வாறு கூற முடியும்? இயல்பான பிரசவத்தைத் தாங்கக்கூடியதாக மாற்றாமல், சிசேரியன் கூடிவிட்டதே என்று வருந்துவதில் பயனில்லை.

இவை யாவற்றுக்கும் அடியில் மொழிப் பிரச்சினை இருக்கின்றது. சிம்சன் குளோரோபோமைப் பயன்படுத்திய அதே 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்திறங்கியவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன். தமிழ் மக்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கப்பட வேண்டும் எனக் கருதிய அவர், பிரசவ வைத்தியம் பற்றிய நூலொன்றை 1857இலேயே தமிழில் வெளியிட்டார். ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழிந்த பின்னரும் தமிழ் பேசும் தாயொருத்தி தனக்குப் புரியாத படிவத்தில் கையொப்பமிடுகின்றாள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்த ஏற்பாடு அரச அலுவலகக் கடிதங்களோடு நின்றுவிடாமல், பிரசவ அறைக்குள்ளும் வர வேண்டும். புரியாத தாளில் இடப்படும் கையொப்பம் சம்மதமாகாது.

சம்மதத்தைத் தெளிவாகப் பெற்றுப் பதிவு செய்வது நோயாளிக்கு மட்டுமன்றி வைத்தியருக்கும் பாதுகாப்பாகும். 2019ஆம் ஆண்டு மே மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்து மூண்ட இனவெறுப்பின் நடுவே, சிசேரியன் சத்திரசிகிச்சையின் போது சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாகக் குருநாகல் போதனா வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவர் கைது செய்யப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டார். அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்திற்கு அறிவித்தது. அந்தப் பொய் அத்தனை வேகமாகப் பரவியமைக்கு இனவாதம் முதற்காரணம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் தமக்கு என்ன செய்யப்பட்டது என்பதைப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லாத வழக்கமும் அதற்கு இடங்கொடுத்தது என்பதை மறுக்க இயலாது. அறியாமை நிலவும் இடத்தில் வதந்தி எளிதில் வேரூன்றும்.

விடுதிகளில் பணியாற்றுவோரின் சிரமங்களை நாம் அறியாதவர்களல்லர். ஒரே இரவில் பல பிரசவங்களைப் பார்க்கும் மருத்துவமாதுக்கு ஒவ்வொருவரிடமும் நின்று பேச நேரம் கிடைப்பதில்லை. ஆயினும், நிலைமை மாறிவருகின்றது. 2017இல் 3 இலட்சத்து 20 ஆயிரத்திற்கும் மேற்பட்டிருந்த வருடாந்தப் பிறப்புகள், 2023இல் சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரமாகக் குறைந்துள்ளன. பிறப்புகள் குறைவதன் விளைவுகள் பற்றிப் பொருளியலாளர்கள் கவலை கொள்ளட்டும். பிரசவ விடுதிகளைப் பொறுத்தவரை, எண்ணிக்கையைச் சமாளிப்பதிலேயே கழிந்த காலம் முடிந்து, தரத்தைப் பற்றிச் சிந்திக்கும் காலம் வந்திருக்கின்றது.

எனவே, சில கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். ஒவ்வொரு பிரசவ விடுதியிலும் கட்டில்களுக்குத் திரைச்சீலையும், தாய் விரும்பும் துணையொருவருக்கு இடமும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். அனுமதி வழங்குவது கடமையில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. சம்மதப் படிவங்கள் மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும். தமிழ் பேசும் தாய்மார் வரும் வைத்தியசாலைகளில் தமிழறிந்த ஒருவரேனும் ஒவ்வொரு கடமை நேரத்திலும் இருக்க வேண்டும். எந்த வைத்தியசாலையில் எவ்வகை வலிநிவாரணம் உண்டு என்பது கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். தீவுகளிலும் தோட்டங்களிலும் இருந்து வருவோர் பிரசவத் திகதிக்கு முன்னரே வைத்தியசாலைக்கு அண்மையில் தங்குவதற்கு வசதி செய்யப்பட வேண்டும்.

குடும்பங்களுக்கும் கடமையுண்டு. கர்ப்பிணிக்குச் சத்துணவு கொடுப்பதோடும் வளைகாப்பு நடத்துவதோடும் கணவனின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. கிளினிக்கிற்கு உடன் செல்லுங்கள். எங்கே பிரசவம், அங்கே இரத்தம் ஏற்றும் வசதி உண்டா, வலிக்கு என்ன தருவார்கள், யார் கூட இருக்கலாம், இரவில் வலி கண்டால் எந்த வாகனம் என்ற ஐந்து கேள்விகளையும் எட்டாம் மாதத்திற்கு முன்னரே குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் கேட்டுக் கொள்ளுங்கள். கேட்பது அவமரியாதையன்று. கேட்கக் கேட்கத்தான் பதில் சொல்லும் வழக்கமும் உருவாகும்.

எமது வாசகியின் குழந்தைக்கு இப்போது ஆறு மாதம் நிறைந்திருக்கும். இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று உறவினர்கள் கேட்கத் தொடங்கிவிட்டனர் என்றும், தமக்கு அந்த இரவே நினைவுக்கு வருகின்றது என்றும் அவர் எழுதியிருந்தார். அடுத்த முறை அவர் அதே வைத்தியசாலைக்கே செல்ல வேண்டும். அதுவே அவருக்குப் பாதுகாப்பானது. ஆனால், அச்சமின்றிச் செல்ல வேண்டும். அதற்கான பொறுப்பு அவருடையதன்று. அந்த வைத்தியசாலையை நடத்தும் அரசினுடையது.